ஒரே பிடியில் ஆயிரத்து நூறு சுரம்

உம்சின்டோ
4 மார்ச் 2012

மகள் நொம்கோசிக்கு,

உன் பாபா எல்ஃபாஸ் சுங்கு எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். சேற்றில் கோழி நடந்த மாதிரி என்று ஏழாம் வகுப்பில் நீ சொன்னாய். கோழி இன்னும் வெளியே வரவில்லை. போனில் கூப்பிட்டிருக்கலாம். நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் இதைக் கேட்க எனக்கு வாய் வந்திருக்காது.

போன வருஷத்துக்கு முந்திய கிறிஸ்துமஸில், லேப்டாப்பில் நீ செய்த பாட்டை எல்லார் முன்னாலும் போட்டுக் காட்டினாய். நான், "யாரோ சலவை மெஷினுக்குள்ள கரண்டியைப் போட்டுட்டாங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ மட்டும் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பு எனக்கு இரண்டு நாள் இனித்தது. அதற்கு ஒரு வருஷமாக விலை கொடுக்கிறேன். இப்போது அதே சலவை மெஷின் எனக்கு வேண்டியிருக்கிறது. நன்றாகச் சிரித்துக்கொள்.

விஷயம் இதுதான். நம் பாடகர் குழு செப்டம்பர் 22-ம் தேதி டர்பன் போட்டிக்குப் போகிறது. கொடுத்திருக்கும் பாட்டு அறுபத்து நாலு தாளக் கட்டம், நாலு குரல்: பெண்களில் சோப்ரானோ, ஆல்ட்டோ, ஆண்களில் டெனர், பேஸ். ஜனவரியிலிருந்து பழகுகிறோம், நன்றாகவே வருகிறது. ஆனால் ஏப்ரலில் ஆலை கரும்பு அரைக்கத் தொடங்கிவிடும். மூன்று ஷிப்ட். போட்டி நாளை விட்டால், இருபத்து நாலு பேரும் ஒரே கூரைக்கு அடியில் நிற்பது அப்புறம் டிசம்பரில்தான். நானே கிரேனில் இருப்பேன். அதனால் ஒவ்வொருவரும் வீட்டில் போட்டுப் பழகும்படி நாலு குரலையும் பதிந்து தர முடியுமா? டோ-ரே-மி தாள் உள்ளே இருக்கிறது. காபிக் கறையைச் சுரம் என்று நினைத்துவிடாதே.

இந்த வருஷம் போகாவிட்டால் குழு கலைந்துவிடும் போலிருக்கிறது. உதாரணமாக, ஆல்ட்டோவில் பாடும் மாஷேசி. நீ போன பிறகு ஹார்டிங்கிலிருந்து வந்தவர், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பள்ளிச் சீருடை தைக்கிறார், கணவர் உயிரோடு இல்லை. "போட்டி வரைக்கும் பாடுறேன். அதுக்கப்புறம் இங்க என்ன இருக்கு, நியூகாசல்ல அக்காகிட்டயே போயிடலாமான்னு யோசிக்கிறேன்" என்றார். அவர் போனால் பெரிய நஷ்டம். குழுவுக்குச் சொல்கிறேன்.

பஸ் ஓட்டுநர் செபெகூலுவிடம் இதையும் ஒரு பை சேப்பங்கிழங்கையும் கொடுத்தனுப்புகிறேன். கிழங்கு லஞ்சம்தான்.

பாபா

*

ஜெர்மிஸ்டன்
21 மார்ச் 2012

பாபா,

கிழங்கு வந்தது. பாதியை செபெகூலு தின்றிருக்கிறார், அதை ஒப்புக்கொள்ளவும் செய்தார்.

இன்று விடுமுறை. ஸ்டூடியோ காலி. உட்கார்ந்து செய்து முடித்துவிட்டேன். பென் டிரைவில் நாலு பாட்டு இருக்கிறது. முதலாவதில் சோப்ரானோ மட்டும் உரக்கக் கேட்கும், மற்றவை பின்னால். இரண்டாவதில் ஆல்ட்டோ, அடுத்து டெனர், கடைசியில் பேஸ். தேவாலய ஒலிபெருக்கியில் இதைச் செருக இடம் இருக்கிறது, பின்பக்கம்.

எப்படிச் செய்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன், மறுபடி கரண்டி என்று சொல்லாமல் இருக்க. நான் மெஷினில் வைப்பது சத்தம் அல்ல, உத்தரவு. மிடி என்பார்கள். எந்தச் சுரத்தை, எப்போது, எவ்வளவு நேரம், எவ்வளவு அழுத்தி என்பது மட்டும் இருக்கும். திரையில் கோடு போட்ட தாள் மாதிரி தெரியும், ஒவ்வொரு சுரமும் ஒரு குச்சி. மேலே இருந்தால் உயர்ந்த சுரம், நீளமாக இருந்தால் நீண்ட சுரம். உங்கள் தாளிலிருந்து ஆயிரத்து நூறு குச்சி வைத்தேன். ஆல்ட்டோவை உரக்கக் கேட்க வைக்க ஆல்ட்டோக் குச்சிகளைச் சுற்றி ஒரு பெட்டி வரைந்து, ஒன்றைப் பிடித்து அழுத்தத்தை ஏற்றினால் எல்லாம் சேர்ந்து ஏறும். கடைசியில் எல்லாவற்றையும் பிடித்து ஒரு பொத்தானை அழுத்தினால், முன்பின் நிற்கிற குச்சிகள் அத்தனையும் தாளக் கோட்டில் போய் நேராக நிற்கும். ஒரு மயிரிழை பிசகாது.

அந்தச் சிரிப்பு எனக்கு ஒரு வருஷம் கசந்தது. இப்போது கொஞ்சம் பரவாயில்லை.

நொம்கோசி

*

உம்சின்டோ
22 ஏப்ரல் 2012

மகளே,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். முதல் தரம் புரியவில்லை, இரண்டாம் தரம் புரிந்த மாதிரி இருந்தது, மூன்றாம் தரம் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. கிரேனில் உட்கார்ந்த பிறகுதான் விளங்கியது. நானும் பகல் முழுக்க அதைத்தானே செய்கிறேன்! கரும்பை ஒவ்வொன்றாகவா தூக்குகிறேன்? சங்கிலி போட்டுக் கட்டோடு தூக்குகிறேன். என்ன, என் கட்டுக்குள் சில நாள் பாம்பும் சேர்ந்து ஏறி வரும். உன் பெட்டிக்குள் வராது என்று நினைக்கிறேன்.

பாட்டு பிரமாதம். டெனர்கள் நாலு பேர், "மன்ஸீனி, இந்த மெஷினையே டர்பனுக்கு அனுப்புங்க, நாங்க வீட்ல தூங்குறோம்" என்கிறார்கள். குலப்பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே குத்துவதில் இவர்களை மிஞ்ச ஆளில்லை.

ஒரு சின்னச் சங்கடம். மாஷேசிக்கு மட்டும் இது சரியாக வரவில்லை. முதல் ஞாயிறு பாதியில் நிறுத்திவிட்டார். அடுத்த இரண்டு ஞாயிறும் வரவே இல்லை. நான் தையல் கடைப் பக்கம் தற்செயலாகப் போனேன். (தற்செயலாகத்தான். பஸ் நிலையத்துக்கு யாரும் போகலாம்.)

"என்னம்மா, வரலையே?"

"தைக்கிறது நிறைய இருக்கு மன்ஸீனி."

"பாட்டு ரொம்ப மேல போகுதா?"

"பாட்டு நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் வயசாயிடுச்சு போல."

ஐம்பத்திரண்டு வயசு ஒரு வயசா? எனக்கு ஐம்பத்தேழு, நான் இன்னும் ஏணியில் ஏறுகிறேன்.

சுருதி அவருக்கு அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. டோ-ரே-மி தாளில் இது சுலபம். டோ எங்கே என்று தலைப்பில் ஓர் எழுத்து இருக்கும். இப்போது ஜி. அதை அடித்துவிட்டு ஈ என்று எழுதினால் முழுப் பாட்டும் இறங்கிவிடும், கீழே ஒரு புள்ளிகூடத் தொட வேண்டாம். உன் மெஷினில் எப்படி? ஆயிரத்து நூறையும் ஒவ்வொன்றாக இறக்குவாயா? அப்படியானால் வேண்டாம், உன் கண் கெட்டுப்போகும்.

பாபா

*

ஜெர்மிஸ்டன்
1 மே 2012

பாபா,

கண் கெடாது. எல்லாவற்றையும் தேர்ந்தெடு என்று ஓர் அழுத்து. பிறகு கீழ்நோக்கும் அம்பு மூன்று அழுத்து. ஜி-யிலிருந்து ஈ. டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. உங்கள் தலைப்பு எழுத்தும் இதுவும் ஒன்றுதான். நீங்கள் எட்டாம் வகுப்பிலிருந்து செய்துகொண்டிருப்பதைத்தான் நான் படம் போட்டுச் செய்கிறேன். இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு மணி நேரம் ஆனது.

புதுப் பதிவு இந்த உறையில் இருக்கிறது. அவசரத்தில் முழுதாகக் கேட்டுப் பார்க்கவில்லை.

ஆல்ட்டோவில் ஆறு பேர் பாடுகிறார்கள் என்று தாளில் எழுதியிருக்கிறீர்கள். ஐந்து பேரைப் பற்றி எனக்கு இதுவரை ஒன்றும் தெரியாது.

நொம்கோசி

*

உம்சின்டோ
20 மே 2012

மகளே,

பாம்பு வந்துவிட்டது.

போன ஞாயிறு இரண்டு மணி. பதினாறு பேர் வந்திருந்தார்கள், மாஷேசியும். நானே போய்ச் சொல்லியிருந்தேன், சுருதி இறங்கிவிட்டது வாருங்கள் என்று. ஒலிபெருக்கியில் செருகினேன். தாளம் காட்டும் கோலைத் தூக்கினேன். பாட்டுக்கு முன்னால் 'டக், டக், டக், டக்' என்று நாலு கட்டைச் சத்தம் எண்ணுமே, அதற்கு எல்லோரும் மூச்சை இழுத்துத் தயாராக நிற்கிறார்கள். கட்டை வரவில்லை. விசில் வந்தது. நாலு நீள விசில், ஆலையில் ஷிப்ட் மாறும்போது ஊதுவார்களே, அச்சு அசல் அதே மாதிரி! பேஸில் நிற்கும் ங்குபானே தாளைக் கீழே வைத்துவிட்டுச் சோற்று டப்பாவைக் கையில் எடுத்துவிட்டார். இருபத்தேழு வருஷப் பழக்கம். டெனர்கள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"மன்ஸீனி, ஓவர்டைம் உண்டா?"

"ஞாயித்துக்கிழமைக்கு ரெட்டைச் சம்பளம் போடுங்க!"

மாஷேசியும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே விசில் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் பாட்டு தொடங்கியது. பேஸ்காரர்கள் தரைக்குள் இறங்கிவிட்டார்கள். ங்குபானே பாடுகிறாரா, ஏப்பம் விடுகிறாரா என்று தெரியவில்லை. மாஷேசி மூன்றாவது வரியில் வாயை மூடிக்கொண்டார். அப்புறம் தாளை மடித்துப் பையில் வைத்தார். ஓசைப்படாமல் வாசல் வழியாகப் போய்விட்டார். நான் கோலை ஆட்டிக்கொண்டே இருந்தேன், யாருக்கு என்று தெரியாமல்.

மறுநாள் அவருடைய அக்காவிடமிருந்து கடிதம் வந்ததாம், ஓர் அறை காலியாகிறது என்று. தையல் கடை வாசலில் நின்றுகொண்டு யார் யாரோ பேசிக்கொள்கிறார்கள், என் காதிலும் விழுந்தது.

ஆகவே சுருதி காரணம் இல்லை. வேகம்தான் காரணம். எல்லாவற்றையும் பிடித்துக் கொஞ்சம் மெதுவாக்கு.

பாபா

*

ஜெர்மிஸ்டன்
2 ஜூன் 2012

பாபா,

விசிலுக்கு மன்னிப்பு. ஸ்டூடியோவில் சொன்னேன், இரண்டு பேர் நாற்காலியிலிருந்து விழுந்தார்கள். காரணம் இது: எண்ணிக்கை சொல்லும் அந்தக் கட்டைச் சத்தமும் மெஷினுக்கு ஒரு குச்சிதான். ஆனால் தாள வாத்தியங்களில் மேலே கீழே என்றால் சுருதி அல்ல, வேறு வேறு பொருள். கட்டைக்கு மூன்று படி கீழே இருப்பது நீள விசில். எல்லாவற்றையும் தேர்ந்தெடு என்று சொன்னேன். அது எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துவிட்டது.

டோ மறுபடி ஜி-க்கு வந்துவிட்டது. ஆனால் மெதுவாக்க மாட்டேன். சுருதி என்று ஒரு தரம் ஊகித்தோம், தப்பாகப் போனது. ஊகித்து ஊகித்து ஆயிரத்து நூறையும் இப்படி அப்படி இழுப்பதை விட, என்ன வித்தியாசம் என்று பார்க்கலாமே. ஒன்று சொல்லுங்கள்: ஜனவரியிலும் பிப்ரவரியிலும் உங்கள் கோலுக்கு இதே பாட்டை மாஷேசி முழுதாகப் பாடினாரா?

பாடினார் என்றால், உங்கள் கோல் செய்கிற ஏதோ ஒன்றை என் மெஷின் செய்யவில்லை. கோலை என்னால் பதிய முடியாது. ஆனால் தேவாலயத்துக் கீபோர்டில் சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கிறது. பென் டிரைவைச் செருகி அதை அழுத்திவிட்டு, குழு எதிரே நிற்பதாக நினைத்துக்கொண்டு, ஆல்ட்டோவையும் பேஸையும் வாசியுங்கள். வாசித்ததைக் குச்சிகளாகவே பதிந்துகொள்ளும். அழகாக வாசிக்க வேண்டாம். உங்களை மாதிரி வாசியுங்கள்.

நொம்கோசி

*

உம்சின்டோ
16 ஜூன் 2012

மகளே,

பாடினார். முழுதாக, கடைசிக் கட்டம் வரை. அதுதான் புதிர்.

செவ்வாய்க்கிழமை காலை ஷிப்ட் முடிந்து கை கழுவிவிட்டுத் தேவாலயத்துக்குப் போனேன். கிரேன் ஓட்டும் விரல்கள் உனக்குத் தெரியும். ஒரு கட்டையைத் தொட்டால் பக்கத்துக் கட்டையும் 'என்ன விஷயம்' என்று கேட்கும். முதல் தரம் சிவப்புப் பொத்தானை அழுத்த மறந்துவிட்டேன். இரண்டாம் தரம் அழுத்தினேன், டிரைவைச் செருகவில்லை. மூன்றாம் தரம் எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது பெருக்குகிற மாகோசா உள்ளே வந்து, "யாரு செத்துட்டாங்க மன்ஸீனி?" என்றார். அதுவும் உள்ளே போயிருக்குமோ என்று பயந்தேன். குச்சி மட்டும்தான் பதியும் என்றாயே, தைரியமாக இரு.

நாலாவது தரம் வாசித்ததுதான் இது. இருபத்து நாலு பேரும் எதிரே நிற்பதாக நினைத்துக்கொண்டேன். யார் யார் எங்கே நிற்பார்களோ அங்கே அங்கே நிறுத்தினேன். வெட்கமாக இருந்தது. காலி பெஞ்சுகளைப் பார்த்து ஒரு ஆள் தலையாட்டுகிறான் என்றால் மாகோசா என்ன நினைப்பார்?

தப்புக் கட்டைகளை எண்ணாதே. எண்ணினாலும் என்னிடம் சொல்லாதே.

பாபா

*

ஜெர்மிஸ்டன்
1 ஜூலை 2012

பாபா,

முதலில் கை பழக்கத்தில் உங்கள் சுரங்கள் எல்லாவற்றையும் பெட்டிக்குள் பிடித்து, கோட்டுக்கு நேராக்கும் பொத்தானை அழுத்திவிட்டேன். எல்லா வேலைக்கும் அப்படித்தான் செய்வேன். கேட்டால், மார்ச்சில் நான் அனுப்பிய அதே பதிவு! ஒரே நொடியில் நீங்கள் காணாமல் போய்விட்டீர்கள். பயந்துபோய், செய்ததைத் திருப்பினேன். நீங்கள் திரும்பி வந்தீர்கள், தப்புக் கட்டைகளோடு.

பிறகு பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் வாசிப்பு ஆடும், நிற்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. நீங்கள் கடிகாரம், பாபா. கட்டத்துக்குக் கட்டம் குச்சிகள் கோட்டில் வந்து நிற்கின்றன. முப்பது வருஷம் சங்கிலியை மனிதர்கள் தலைக்கு மேல் நிறுத்திப் பழகிய கை.

ஆனால் நாலு இடத்தில் மட்டும் நீங்கள் தாமதம். ஒன்பது, இருபத்தொன்று, முப்பத்து நாலு, ஐம்பத்திரண்டு. தற்செயலான தாமதம் என்றால் ஒரு இடத்தில் கொஞ்சம், இன்னொரு இடத்தில் நிறைய என்று இருக்கும். இது நாலு இடத்திலும் ஒரே அளவு, ஏறக்குறைய அரைத் தாள அடி. நாலும் ஆல்ட்டோ நீளமான வரியை முடித்து அடுத்த வரியைத் தொடுகிற இடம். மூச்சு எடுக்கிற இடம்.

ஆல்ட்டோவில் ஆறு பேர். அரை அடி கூடுதலாக மூச்சு யாருக்கு வேண்டும்?

பேஸ்காரர்களுக்கு என்று எழுதாதீர்கள். பேஸ் அந்த இடங்களில் இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது.

நொம்கோசி

*

உம்சின்டோ
8 ஜூலை 2012

மகளே,

இங்கே மழை இல்லை. கரும்பு நன்றாக வருகிறது. ங்குபானேக்கு முழங்கால் வலி. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை என்று எழுதி உறையை ஒட்டினேன். பிறகு பிரித்தேன்.

நான் நிற்கிறேன் என்பதே எனக்குப் பாதிதான் தெரியும். நீ நாலு இடத்தையும் எண்ணோடு எழுதியதைப் பார்த்ததும், அலமாரிக்குள் ஒளித்து வைத்த பலகாரத்தை அம்மா கண்டுபிடித்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

மாஷேசிக்கு ஒரு நுரையீரல்தான் வேலை செய்கிறது. இருபது வயதில் காசநோய் வந்ததாம். ஒரு நாள் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது என்னிடம் சொன்னார். "யார்கிட்டயும் சொல்லாதீங்க மன்ஸீனி. மத்தவங்க பாவம்னு பாத்தாங்கன்னா எனக்குப் பாட்டு வராது" என்றார். நான் சொல்லவில்லை. அவரிடமும் அப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை. அந்த இடம் வரும்போது கோல் தானாக மேலே கொஞ்சம் நின்றுவிடும், அவ்வளவுதான். அவர் மூச்சு எடுத்துவிட்டார் என்று தோள் சொல்லும். கோல் இறங்கும். யாருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. உன் பதிவு நிற்கவில்லை. குற்றம் உன்னுடையது அல்ல. மெஷினிடம் யாரும் சொல்லவில்லையே.

இப்போது அவர், தனக்கு வயசாகிவிட்டது, பாட்டு முடிந்தது, நியூகாசல் போகலாம் என்று நினைக்கிறார். என்னால் வாயைத் திறந்து சொல்ல முடியவில்லை. சொன்னால், இத்தனை நாள் பாவம் பார்த்தேன் என்று ஆகிவிடும். பாவம் பார்க்கவில்லை, நொம்கோசி. அது வேறு.

அந்த நாலு இடத்தையும் உள்ளே வைத்து ஒரு பதிவு செய்து கொடு. யாருக்கும் தெரியாமல்.

பாபா

*

ஜெர்மிஸ்டன்
22 ஜூலை 2012

பாபா,

'அது வேறு' என்கிற இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்திருந்தேன். அம்மா இறந்து ஆறு வருஷம். எனக்கு இன்னும் ஒன்றும் எழுத வரவில்லை. அதனால் வேலையைப் பற்றி எழுதுகிறேன்.

ஒன்பதாம் கட்டத்திலிருந்து கடைசி வரை நாலு குரலையும் ஒரே பெட்டியில் பிடித்து அரை அடி வலப்பக்கம் தள்ளினேன். ஒரு குரலைத் தள்ளினால் போதாது, அவருக்காக எல்லோரும் சேர்ந்து நகர வேண்டும். அப்புறம் இருபத்தொன்றிலிருந்து, இப்படியே நாலு தரம். கேட்டேன். மோசம். நாலு இடத்திலும் பாட்டுக்கு நடுவில் ஒரு படி இல்லாத மாடிப்படி மாதிரி பள்ளம். ஏன் என்று தேடினேன். பேஸின் நீளச் சுரம் எட்டாம் கட்டத்திலேயே தொடங்கிவிடுகிறது. என் பெட்டிக்கு வெளியே. மற்ற எல்லாம் நகர, அது மட்டும் இருந்த இடத்தில் இருந்து, பழைய நேரத்துக்கே முடிந்துவிட்டது. அதன் வாலைப் பிடித்து அரை அடி நீட்டினேன். நாலு இடத்திலும்.

இப்போது கேளுங்கள். யாரும் நிற்பதே தெரியவில்லை. பேஸ் போய்க்கொண்டிருக்கிறது, அதன் மேல் ஆல்ட்டோ சாவகாசமாக வந்து ஏறுகிறது. பிறகு உங்கள் பதிவைப் பார்த்தேன். அந்த நாலு இடத்திலும் உங்கள் இடது கை கட்டையிலிருந்து எழவே இல்லை. நான் இரண்டு நாள் எடுத்துக் கண்டுபிடித்ததை உங்கள் கை ஏற்கெனவே செய்திருக்கிறது.

செபெகூலு நாளை கிளம்புகிறார்.

நொம்கோசி

*

உம்சின்டோ
30 செப்டம்பர் 2012

மகளே,

மூன்றாம் இடம். பதினொரு குழுவில் மூன்றாவது. டெனர்கள் முதல் இடம் வந்த மாதிரி ஆடிவிட்டார்கள்.

உன் புதுப் பதிவு வந்த வாரமே மாஷேசி திரும்பி வந்ததை எழுதியிருந்தேனா? எழுதவில்லை என்று நினைக்கிறேன். சந்தோஷத்தில் இருக்கிறவன் கடிதம் எழுதுவதில்லை. ஆகஸ்ட் முழுக்கப் பாடினார். "மெஷினை யாரோ சரி பண்ணிட்டாங்க போல" என்று மட்டும் சொன்னார். நான் கூரையைப் பார்த்தேன்.

டர்பனில் நடுவர் ஒவ்வொரு குழுவுக்கும் குறிப்பெழுதிய தாள் கொடுப்பார். நம் தாளில், குரல் ஒருமை நன்று, பேஸ் சிறப்பு, ஆனால் தாளம் சில இடங்களில் தயங்குகிறது என்று எழுதி, அந்த இடங்களின் எண்களையும் போட்டு மதிப்பெண் குறைத்திருந்தார். இரண்டாம் இடத்துக்கும் நமக்கும் வித்தியாசம் அவ்வளவுதான். படித்தேன். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாஷேசி எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்தத் தாளை இங்க குடுங்க."

"எந்தத் தாளு?"

"பொய் சொல்லணும்னா தொப்பியைக் கழட்டிக் கையில சுத்துவீங்க. இப்ப சுத்துறீங்க. குடுங்க."

கொடுத்தேன். விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாகப் படித்தார்.

"ஒம்பது, இருபத்தொண்ணு, முப்பத்து நாலு, அம்பத்திரண்டு. இது நாலும் என்னோட இடம்."

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னுதானே சொன்னேன்? இருபத்து மூணு பேரை எனக்காக நிறுத்தி வைங்கன்னு சொன்னேனா? அவங்க மார்க்கை எல்லாம் எடுத்து என் மடியில கொட்டிட்டீங்களே!"

"தப்புதான். என் பொண்ணு அங்க உக்காந்துகிட்டு குச்சியைப் பாத்துக் கண்டுபிடிச்சுட்டா. நான்தான்..."

"பொண்ணு எங்க இருக்கா?"

"ஜெர்மிஸ்டன்ல."

"அறுநூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருந்து அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. நீங்க என் மூக்குக்கு நேரா நிக்கிறீங்க. 'மூச்சை எங்க எடுக்குறீங்க'ன்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? கேட்டிருந்தா, பக்கத்துல நிக்கிற கேட்டி பாடும்போது நான் எடுத்துக்குறேன், அவ எடுக்கும்போது நான் பாடுறேன்னு சொல்லியிருப்பேன். அதுக்குத்தானே ஆறு பேரை நிறுத்தியிருக்கு?"

இது எனக்குத் தோன்றவே இல்லை, நொம்கோசி. இருபது வருஷமாகக் கோல் பிடிக்கிறேன்!

பின்னாலிருந்து டெனர்கள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் தாளை மறுபடி பார்த்தார்.

"இதுல அஞ்சாவதா நாப்பத்தொண்ணுன்னு ஒண்ணு போட்டிருக்காரே? அது என்னோடது இல்லையே. அங்க ஆல்ட்டோவுக்குப் பாட்டே கிடையாது."

"அது... ரோடு சரியில்ல, சத்தத்துல கேக்கல."

"வேற என்னத்தைக் கேக்காம வச்சிருக்கீங்க, மன்ஸீனி?"

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. தொப்பியைத் தலையில் வைத்தேன். "நியூகாசலுக்குப் போய்த்தான் ஆகணுமா?" என்றேன்.

அவர் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. "அது பஸ்ல வச்சு என்கிட்ட கேக்குற கேள்வி இல்ல. எங்க அண்ணன் ஹார்டிங்ல இருக்கான். புருஷன் வீட்டுக்காரங்க என்னை அவன் வீட்டுக்கே திருப்பி அனுப்பிட்டாங்க. முறையா லெட்டர் எழுதி ஆளனுப்பி அவன்கிட்ட கேக்குற கேள்வி" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார். டெனர்கள் ஊளையிட்டார்கள்.

ஹார்டிங்குக்கு முறைப்படி என் அண்ணன் ஆமோஸ்தான் கடிதம் கொண்டுபோக வேண்டும். ஆனால் உன்னிடம் கேட்காமல் அந்தக் கடிதத்தின் முதல் வரியைக்கூட எழுத மாட்டேன். நீ வேண்டாம் என்றால் வேண்டாம். பாட்டு எப்படியும் இருக்கிறது.

பாபா

*

ஜெர்மிஸ்டன்
12 அக்டோபர் 2012

பாபா,

அம்மாவின் படத்தை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை. அதற்காக நாலு நாள் கோபமாக இருந்தேன். அதைச் சுவரிலிருந்து எடுக்கலாம் என்றே உங்களுக்குத் தோன்றியிருக்காது என்று ஐந்தாம் நாள் புரிந்தது. அங்கேயே இருக்கட்டும். மாஷேசியிடம் நானே சொல்கிறேன். இப்படிப் பேசுகிறவரிடம் சொல்வது கஷ்டமாக இருக்காது.

டிசம்பர் 16 விடுமுறைக்கு வருகிறேன். பெரியப்பா ஆமோஸ் கடிதத்தோடு ஹார்டிங் கிளம்பும்போது நான் வீட்டில் இருக்க வேண்டும். கடிதத்தை நீங்களே எழுதுங்கள். அவரிடம் விட்டால் பெண் வீட்டுக்குப் பரிசமாகக் கொடுக்கும் மாடுகளைப் பற்றி மூன்று பக்கம் எழுதிவிட்டுப் பெண்ணின் பெயரை மறந்துவிடுவார். கையெழுத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

ஆனால் ஒன்று. நாற்பத்தொன்றை நான் ஜூனிலேயே பார்த்தேன். உங்கள் பதிவில் எல்லாவற்றையும் விடப் பெரிய தாமதம் அதுதான், ஒரு முழு அடி. மூச்சு எடுக்க யாரும் இல்லாத இடம் என்பதால், விரல் வழுக்கியது என்று நினைத்து நானே அதைக் கோட்டுக்கு இழுத்துவிட்டேன். என் பதிவில் அது இல்லை. ஆகஸ்ட் முழுக்க அது இல்லாமல் பழகியும் டர்பன் மேடையில் நீங்கள் அங்கே நின்றிருக்கிறீர்கள்.

அவரிடம் ரோட்டைச் சொன்னீர்கள். என்னிடம் உண்மையைச் சொல்லுங்கள். நாற்பத்தொன்றில் என்ன?

நொம்கோசி

*

உம்சின்டோ
21 அக்டோபர் 2012

மகளே,

நாற்பத்தொன்றில் டெனர் மட்டும் பாடும். ஆல்ட்டோவுக்கு நாலு அடி ஓய்வு. மற்ற ஐந்து பேரும் அந்த நேரத்தில் அடுத்த வரி எங்கே இருக்கிறது என்று தாளில் தேடுவார்கள். மாஷேசி தேட மாட்டார், அவருக்கு எல்லாம் மனப்பாடம். பாடும்போது கண்ணை மூடிக்கொள்வார். முழுப் பாட்டிலும் அந்த ஓர் இடத்தில்தான் கண்ணைத் திறந்து நிமிர்ந்து பார்ப்பார், கோல் எப்போது இறங்கும் என்று.

கோல் இறங்கினால் பாடத் தொடங்கிவிடுவார். மறுபடி கண்ணை மூடிக்கொள்வார்.

அதனால் கொஞ்சம் தாமதமாகிவிடுகிறது. காலி பெஞ்சுகளுக்கு வாசித்தபோதும் ஆகிவிட்டது போலிருக்கிறது, நீ சொல்லித்தான் எனக்கே தெரிகிறது.

ஹார்டிங் கடிதத்தில் இதை எழுதலாமா, கூடாதா?

பாபா